கடலுக்கு ஒரு திண்ணை!
கப்பலில் "பால்கனி" அறை எடுக்கலாமா?

வீட்டுக்கு அழகு திண்ணை. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் காற்று வரும். போவோர் வருவோரைப் பார்க்கலாம். மனசுக்கும் இதமாக இருக்கும்.

கப்பலுக்கும் இப்போது திண்ணை வந்துவிட்டது. அதன் பெயர் "பால்கனி".

அறையின் கதவைத் திறந்தால் இரண்டு நாற்காலி, ஒரு சின்ன மேஜை, நெஞ்சளவு கைப்பிடிச் சுவர். அதற்கு அப்பால் கடல்! விளம்பரங்களில் இந்தப் படத்தைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். பார்த்தவுடன் ஆசை வருகிறது.

ஆனால், அந்தத் திண்ணைக்குத் தனி விலை! கடற்கரையில் சும்மா கிடைக்கும் காற்றுக்குக் கப்பலில் பணம் கட்டவேண்டும்.

கட்டலாமா? கட்டினால் அந்தப் பணத்துக்குத் தகுந்த பலன் உண்டா? குடும்பத்தோடு கப்பலில் போக நினைப்பவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

உல்லாசக் கப்பல் என்றால் பணக்காரர்கள் சமாசாரம் என்று நினைத்த காலம் போய்விட்டது. 2019இல் உலகம் முழுவதும் சுமார் 2 கோடியே 97 லட்சம் பேர் இத்தகைய கப்பல்களில் பிரயாணம் செய்தார்கள். நடுவே கொரோனா வந்து கப்பல்களை முடக்கியது. ஆனாலும் 2024இல் இந்தக் கணக்கு சுமார் 3 கோடியே 46 லட்சம் ஆகிவிட்டது. கப்பல் கம்பெனிகளின் சர்வதேச சங்கம் வெளியிட்ட கணக்கு இது.

நம் நாட்டிலும் அலை அடிக்கிறது. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து "எம்பிரஸ்" என்ற உல்லாசக் கப்பலை முதல்-அமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடி அசைத்து அனுப்பிவைத்தார். 2023 ஜூன் மாதம் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்கும் போயிற்று. 2024 செப்டம்பர் 30ந் தேதி மத்திய அரசாங்கம் இதற்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. உல்லாசக் கப்பலில் போகிறவர்களின் எண்ணிக்கையை 5 ஆண்டுகளில் இரண்டு மடங்கு ஆக்குவது அதன் நோக்கம்.

ஆகவே, விளம்பரங்கள் இன்னும் வரும். "பால்கனி அறை வேண்டுமா?" என்ற கேள்வி நம் வீட்டு வாசலுக்கும் வரும்.

மூன்று வகை அறை

கப்பலில் அறைகள் பெரும்பாலும் மூன்று வகை.

முதல் வகை, உள் அறை. கப்பலின் நடுப்பகுதியில் இருக்கும். ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பகலிலும் கும்மிருட்டு. விலை குறைவு.

இரண்டாவது வகை, ஜன்னல் அறை. கண்ணாடி வழியாகக் கடல் தெரியும். ஆனால், அந்த ஜன்னலைத் திறக்க முடியாது. வெளிச்சம் உண்டு, காற்று இல்லை.

மூன்றாவது வகைதான் பால்கனி அறை. வெளிச்சமும் உண்டு, காற்றும் உண்டு. விலையும் உண்டு!

இவற்றுக்கு மேலே பெரிய பெரிய மாளிகை அறைகள் இருக்கின்றன. அவற்றை நாம் எட்ட நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

திண்ணை வந்த கதை

பழைய கப்பல்களில் பால்கனி ஏது? உயிர் காக்கும் படகுகளை மேல்தளத்தின் ஓரத்தில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கவாட்டில் நல்ல இடத்தை எல்லாம் படகுகள் பிடித்துக்கொண்டன.

பிறகு, படகுகளைக் கீழ்த்தளங்களுக்கு இறக்கிக் கப்பல் கட்டும் வழக்கம் வந்தது. மேலே இடம் காலியாயிற்று. அங்கே அறைகளும் பால்கனிகளும் முளைத்தன.

1984இல் "ராயல் பிரின்சஸ்" என்ற கப்பல் வெள்ளோட்டம் கண்டது. இங்கிலாந்து இளவரசி டயானா அதற்குப் பெயர் சூட்டினார். அந்தக் கப்பலில் பிரயாணிகளுக்கு உள் அறை என்பதே கிடையாது. எல்லா அறைகளும் கடலைப் பார்த்தவை. பல அறைகளுக்குப் பால்கனியும் இருந்தது. அப்போது அது பெரிய புதுமை.

ஆகவே ஒரு கப்பலின் வயதைக் கேட்டாலே அதில் பால்கனி அதிகமா, குறைவா என்று ஊகித்துவிடலாம். சென்னையிலிருந்து போன "எம்பிரஸ்" 1990இல் கட்டப்பட்டது. அதில் பால்கனி அறைகள் கொஞ்சம்தான். 2024இல் ஓடத் தொடங்கிய "ஐக்கான் ஆப் தி சீஸ்" கப்பலோ 20 தளங்கள் கொண்டது. அதன் பக்கவாட்டைப் பார்த்தால் தேன்கூடு மாதிரி பால்கனிகள்தான் தெரியும்!

பால்கனி குறைவாக இருந்தால் போட்டி அதிகம், விலையும் ஏறும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம்

ஒரு கணவன், மனைவி. மூன்று நாள் பிரயாணம். உள் அறையை விடப் பால்கனி அறைக்குத் தலைக்கு ரூ.12 ஆயிரம் கூடுதல் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கு ரூ.24 ஆயிரம்.

ஒரு நாளுக்கு 24 மணி நேரம். தூக்கம் 8 மணி. சாப்பாட்டுக்கு 3 மணி. ஆட்டம், பாட்டம், நீச்சல் குளம் என்று 6 மணி. துறைமுகத்தில் இறங்கி ஊர் சுற்ற 5 மணி. மிச்சம் 2 மணி.

அந்த 2 மணியும் பால்கனியிலேயே உட்கார்ந்தாலும் மூன்று நாளில் 6 மணி நேரம்தான். ரூ.24 ஆயிரத்தை 6ஆல் வகுத்தால் மணிக்கு ரூ.4 ஆயிரம்!

இப்போது இன்னொரு தம்பதியைப் பாருங்கள். அவருக்கு வயது 68. அந்த அம்மாளுக்கு முழங்கால் வலி. ஆட்டத்துக்கும் போகமாட்டார்கள், கூட்டத்துக்கும் போகமாட்டார்கள். காலைக் காப்பியும் மாலைக் காப்பியும் பால்கனியில்தான். ஒரு நாளுக்கு 8 மணி நேரம் அங்கே இருப்பார்கள். அவர்களுக்கு மணிக்கு ரூ.1,000 தான் ஆகிறது.

கப்பல் ஒன்றுதான், அறை ஒன்றுதான். ஒருவருக்கு வீண் செலவு. மற்றவருக்கு நியாயமான செலவு. "பால்கனி நல்லதா?" என்று கேட்காதீர்கள். "பால்கனியில் நாம் எவ்வளவு நேரம் இருப்போம்?" என்று கேளுங்கள். பதில் தானாக வரும்.

எந்தப் பாதை?

போகிற வழியையும் பார்க்கவேண்டும்.

நார்வே நாட்டில் மலைகளுக்கு நடுவே கடல் குடைந்து போகிறது. கப்பல் அதற்குள் மெதுவாக நுழையும். இரண்டு பக்கமும் செங்குத்தான மலை, அருவி. அலாஸ்காவில் பனிப்பாறைகள் உடைந்து கடலில் விழும். அங்கெல்லாம் அறையை விட்டு நகராமல், போர்வையைப் போர்த்திக்கொண்டு, நாள் முழுவதும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பால்கனிக்குக் கொடுத்த காசு வசூல்!

தினம் ஒரு துறைமுகம், இரவில் மட்டும் பிரயாணம் என்றால் கதை வேறு. பகலில் நீங்கள் ஊருக்குள் இருப்பீர்கள். இரவில் பால்கனியில் நின்றால் இருட்டுதான் தெரியும்.

எந்தப் பக்கம்?

வெள்ளைக்காரன் காலத்துக் கதை ஒன்று உண்டு. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வரும் துரைமார்கள், வரும்போது கப்பலின் இடப்பக்க அறையையும், திரும்பும்போது வலப்பக்க அறையையும் கேட்டு வாங்குவார்களாம். கிழக்கே வரும் கப்பலுக்கு இடப்பக்கம் வடக்கு. தெற்கே உள்ள வெயில் அந்தப் பக்கம் படாது. குளிர்சாதன வசதி இல்லாத காலம் அல்லவா? "போஷ்" என்ற ஆங்கிலச் சொல்லே இதிலிருந்துதான் பிறந்தது என்பார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று அகராதிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

சொல்லின் கதை எப்படியோ, அதில் உள்ள புத்தி நல்ல புத்தி. சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் போகும் கப்பல் வடகிழக்கே போகும். வலப்பக்க அறைக்குச் சூரிய உதயம். இடப்பக்க அறைக்கு மாலை வெயில். திரும்பும்போது எல்லாம் தலைகீழ். போக, வர ஒரே அறை என்றால் எந்தப் பக்கமானாலும் நஷ்டம் இல்லை. ஒருவழிப் பிரயாணம் என்றால் பக்கம் பார்த்து எடுங்கள்.

எந்த இடம்?

பிள்ளைகள் ஆடும் ஏற்ற இறக்கப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு முனையும் ஏறி இறங்கும். நடுப்பகுதி அதிகம் அசையாது. கப்பலும் அப்படித்தான். அலை அடித்தால் முன்பக்கமும் பின்பக்கமும் தூக்கிப் போடும். உயரத்தில் உள்ள அறை பக்கவாட்டில் அதிகமாக ஆடும். தலைசுற்றல், வாந்தி வரக்கூடியவர்கள் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுப்பதே நல்லது.

தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். மேலே நீச்சல் குளம் இருந்தால் விடிகாலையில் நாற்காலி இழுக்கும் சத்தம். கீழே நடன அரங்கம் இருந்தால் நடுநிசி வரை மத்தளச் சத்தம். மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கும் தளம்தான் நிம்மதி.

பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம்!

"பால்கனி" என்று எழுதியிருப்பதெல்லாம் கடலைப் பார்த்த பால்கனி அல்ல.

2009இல் வந்த "ஓயாசிஸ் ஆப் தி சீஸ்" கப்பலின் நடுவே திறந்த வெளியாக ஒரு பூங்கா அமைத்தார்கள். அதைச் சுற்றி உள்பக்கம் பார்த்த பால்கனிகள். செடியும் கொடியும் தெரியும். மேலே வானம் தெரியும். கடல் தெரியாது. எதிர்வீட்டுக்காரரும் தெரிவார். அவருக்கு நீங்களும் தெரிவீர்கள்!

2018இல் வந்த "செலிபிரிட்டி எட்ஜ்" கப்பலில் வேறு விதம். அறையின் கோடியில் பெரிய கண்ணாடி. பொத்தானை அழுத்தினால் மேல்பாதி கீழே இறங்கும். காற்று வரும். வெளியே போய் நிற்கத் தனித் திண்ணை இல்லை.

2014இல் "நேவிகேட்டர் ஆப் தி சீஸ்" கப்பலில் இன்னொரு வேடிக்கை. ஜன்னல் இல்லாத உள் அறையில் தரையிலிருந்து கூரை வரை ஒரு திரை வைத்தார்கள். வெளியே காமிராவில் தெரியும் கடலை அதில் காட்டினார்கள். சினிமாப் பால்கனி!

சில அறைகளுக்கு முன்னால் உயிர் காக்கும் படகு தொங்கும். "காட்சி மறைவு" என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். விலையும் குறைவாக இருக்கும். காற்று போதும், காட்சி வேண்டாம் என்பவர்கள் தாராளமாக எடுக்கலாம். தெரிந்து எடுத்தால் லாபம். தெரியாமல் எடுத்தால் சண்டை!

ஒரு சிகரெட் செய்த வேலை

பால்கனியால் வந்த ஆபத்தையும் சொல்லவேண்டும்.

2006 மார்ச் 23ந் தேதி, அதிகாலை 3 மணி. "ஸ்டார் பிரின்சஸ்" என்ற கப்பல் ஜமைக்கா தீவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு பால்கனியில் தீ! பால்கனிகளைப் பிரித்த தடுப்பு, தரையில் பதித்த ஓடு, நாற்காலி எல்லாம் எளிதில் எரியும் பொருள்கள். தீ பால்கனிக்குப் பால்கனி தாவியது, மேல்தளங்களுக்கும் ஏறியது. நூற்றுக்கு மேற்பட்ட அறைகள் சேதம் அடைந்தன. புகையில் சிக்கி ஒரு பிரயாணி உயிர் இழந்தார்.

யாரோ அணைக்காமல் வீசிய சிகரெட் துண்டுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும் என்று விசாரணை அதிகாரிகள் முடிவு சொன்னார்கள்.

அதன்பிறகு சர்வதேச விதி மாறிற்று. பால்கனியில் எளிதில் தீப்பிடிக்கும் பொருள்களை வைக்கக்கூடாது. வைத்தால் தீயைக் கண்டுபிடிக்கும் கருவியும் அணைக்கும் கருவியும் அங்கே இருக்கவேண்டும். 2008 ஜூலை 1ந் தேதி முதல் இது அமுல் ஆயிற்று. பல கம்பெனிகள் பால்கனியில் புகை பிடிப்பதையே தடை செய்துவிட்டன.

கைப்பிடியின் உயரத்துக்கும் சட்டம் உண்டு. 42 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்று 2010இல் அமெரிக்கா சட்டம் போட்டது. அதாவது, மூன்றரை அடி. ஆனால் கைப்பிடிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அதன்மேல் குழந்தை ஏறினால், எந்தச் சட்டம் காப்பாற்றும்? குழந்தை உள்ளவர்கள் நாற்காலியை உள்ளே தள்ளி வையுங்கள். கதவை எப்போதும் தாழ் போடுங்கள்.

காற்றின் அருமை தெரிந்த நாள்

2020ஆம் ஆண்டு உலகத்துக்கே ஒரு பாடம் நடந்தது.

பிப்ரவரி 3ந் தேதி "டயமண்ட் பிரின்சஸ்" என்ற கப்பல் ஜப்பானின் யோக்கோஹாமா துறைமுகத்துக்கு வந்தது. பிரயாணிகள், ஊழியர்கள் சேர்த்து 3,711 பேர். அதில் முன்பு பிரயாணம் செய்து ஹாங்காங்கில் இறங்கிய ஒருவருக்குக் கொரோனா என்று தெரிந்தது. கப்பலில் இருந்தவர்களுக்கும் நோய் பரவியிருந்தது. 5ந் தேதி முதல் பிரயாணிகள் எல்லோரும் அறையிலேயே இருக்கவேண்டும் என்று உத்தரவு.

பால்கனி அறைக்காரர்கள் கதவைத் திறந்து வானத்தைப் பார்த்தார்கள். உள் அறைக்காரர்களுக்கு நாலு சுவர். பகலா இரவா என்று கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டிய நிலை. அவர்களை முறைவைத்து மேல்தளத்துக்கு அழைத்துப்போய்க் கொஞ்ச நேரம் நடக்கவிட்டார்கள்.

பிறகு ஜப்பான் அரசாங்கம் சிலரை முன்னதாகக் கரை இறக்கியது. 80 வயதைக் கடந்தவர்கள், வேறு நோய் உள்ளவர்கள், ஜன்னல் இல்லாத அறையில் இருப்பவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தது. ஜன்னல் இல்லாமல் இருப்பதும் ஒரு துன்பம் என்று ஓர் அரசாங்கமே ஒப்புக்கொண்டது!

பால்கனி ஒன்றும் நோய்க்கு மருந்து அல்ல. பால்கனி அறையில் இருந்தவர்களுக்கும் நோய் வந்தது. கடைசியில் 712 பேருக்கு நோய் கண்டது. ஆனால், காற்றும் வெளிச்சமும் ஆடம்பரம் அல்ல என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது.

ஜன்னல் இல்லாதவர்கள்

அந்தக் கப்பலில் இந்தியர்கள் 138 பேர் இருந்தார்கள். அவர்களில் பிரயாணிகள் 6 பேர்தான். மற்ற 132 பேரும் ஊழியர்கள்! தமிழ்நாட்டு வாலிபர்களும் அவர்களில் உண்டு. சமையல், பரிமாறல், காவல் என்று வேலை பார்க்கப் போனவர்கள். பிரயாணிகள் அறைக்குள் அடைந்து கிடந்தபோது, அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் ஊழியர்கள்தான்.

உல்லாசக் கப்பல்களில் ஊழியர்களின் அறைகள் பெரும்பாலும் அடித்தளங்களில் இருக்கும். ஓர் அறையில் இரண்டு பேர் படுப்பது சகஜம். பல அறைகளுக்கு ஜன்னல் கிடையாது.

கப்பல் தொழிலாளர்களுக்காக 2006இல் ஒரு சர்வதேச ஒப்பந்தம் உருவாயிற்று. இந்தியாவும் 2015இல் அதை ஏற்றுக்கொண்டது. படுக்கும் அறைக்கு இயற்கை வெளிச்சம் வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால், பிரயாணிக் கப்பல்களுக்கு மட்டும் இதில் விலக்குக் கொடுக்கலாம் என்றும் அதே விதியில் இடம் வைத்திருக்கிறது. சரக்குக் கப்பல் தொழிலாளிக்கு வெளிச்சம் உரிமை. உல்லாசக் கப்பல் தொழிலாளிக்கு அந்த உரிமை உறுதி இல்லை! பக்கவாட்டு இடம் எல்லாம் விற்பனைக்குப் போய்விட்டால் ஊழியருக்கு ஜன்னல் எங்கே மிஞ்சும்?

நம் முன்னோர்களை நினைத்துப் பாருங்கள். 1926இல் கட்டப்பட்ட "ரஜூலா" கப்பல் 1973 வரை ஓடியது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆயிரக்கணக்கான தமிழர்களைச் சுமந்து சென்றது. ஏழைகளுக்கு அதில் அறை ஏது? மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். வெயிலும் மழையும் அவர்களுக்குத்தான். ஆனால் கடல் காற்றுக்கு யாரும் அவர்களிடம் தனிக் கட்டணம் கேட்கவில்லை. இன்று அந்தக் காற்றுதான் கப்பலில் விலை உயர்ந்த சரக்கு!

பணம் கட்டுமுன் கேட்கவேண்டியவை

1. பால்கனி கடலைப் பார்த்ததா? உள்பக்கம் பார்த்ததா?

2. முன்னால் படகு மறைக்கிறதா?

3. அறை எந்தத் தளம்? நடுவிலா, கோடியிலா? மேலே, கீழே என்ன இருக்கிறது?

4. விலை தலைக்கா, அறைக்கா? பெரும்பாலும் இரண்டு பேர் தங்கினால் தலைக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள். தனியாகப் போகிறவர் கிட்டத்தட்ட இரண்டு பேர் பணம் கட்டவேண்டி வரும்.

5. துறைமுக வரி, ஊழியர் இனாம் எல்லாம் அந்த விலையில் சேர்ந்ததா?

6. அறை எண்ணை இப்போதே தருவார்களா, கடைசியில் கம்பெனி இஷ்டத்துக்குத் தருவார்களா? கடைசியில் தருவது மலிவு. ஆனால் எது கிடைத்தாலும் வாய் திறக்க முடியாது.

வயதானவர்கள், அமைதி விரும்புகிறவர்கள், அழகான பாதையில் நீண்ட பிரயாணம் போகிறவர்கள் பால்கனி எடுக்கலாம். சின்னக் குழந்தைகளோடு இரண்டு மூன்று நாள் போகிறவர்களுக்கு ஜன்னல் அறை போதும். கையில் காசு குறைவா? உள் அறையை எடுத்துவிட்டு மேல்தளத்துக்குப் போய் உட்காருங்கள். அங்கேயும் அதே கடல்தான், அதே காற்றுதான். கட்டணம் இல்லை!

எந்த அறையில் போனாலும் சரி, காலையில் உங்கள் படுக்கையை விரிக்க ஒரு தம்பி வருவான். அவன் அறைக்கு ஜன்னல் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கப்பல்களை வளர்க்கத் திட்டம் போடும் அரசாங்கம், அந்தத் தம்பிக்கும் ஒரு ஜன்னல் வைக்கும்படி சொல்லவேண்டும். காற்று எல்லோருக்கும் பொது அல்லவா?